சத்தமில்லாத ஃபேன்

மூன்றடைப்பை நெருங்கும்போது வலது செருப்பின் வார் அறுந்துவிட்டது. இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நான்குவழிச் சாலையின் ஓரத்து மண்ணில் நடந்தேன். நாங்குநேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை இருந்தது. தூசி தட்டுவது, வயர் மாற்றுவது, இறந்துபோன பெட்டியிலிருந்து எடுத்து உயிரோடு இருக்கிற பெட்டியில் போடுவது. பேட்டரிகள் அடுக்கிய அறையில் படுக்கை. அந்த வருடம் பிள்ளைகள் சேரவில்லை, அறையைப் பூட்டப்போகிறார்கள் என்று காவலாளி சொன்னார். போ என்று யாராவது சொல்வதற்கு முன்பே கிளம்பிவிடுவது என் பழக்கம். பத்தாம் வகுப்பை விட்டு நான் வந்ததும் அப்படித்தான். பையில் ஒரு சட்டை, ஒரு கைலி, ஸ்குரு டிரைவர்கள், பெயிண்ட் பிரஷ் ஒன்று, சூடு தணிக்கப் பிராசசரில் தடவுகிற பேஸ்ட், பாதி தீர்ந்த குழாய் ஒன்று. அவ்வளவுதான் என் படிப்பும் சொத்தும்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. திருநெல்வேலி ஜவுளிக்கடை ஒன்றின் தள்ளுபடியை அறிவித்தபடி ஒரு லோடு ஆட்டோ, தலையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களோடு. நல்ல குரல். அடிவயிற்றிலிருந்து எழுந்து, ஒவ்வொரு சொல்லையும் முழுசாக விட்டுவிட்டுப் போகிற குரல். ஆனால் குரலுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் இருந்தது. சொல்லோடு சேர்ந்து வந்து, சொல் முடிந்ததும் வெட்டிக்கொண்டு நின்றது.

ஆட்டோ என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஓட்டியவர் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்திவிட்டு, ஏறு என்று கையால் காட்டினார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார்.

"எங்கல போற?" கேட்டது மெல்லிய, உரசுகிற குரல்.

"திருநெல்வேலிக்கு அண்ணாச்சி."

"திருநெல்வேலியில எங்கன?"

"தெரியல."

"நல்ல இடம்தான். நானும் அங்கனதான் இருக்கேன்" என்றார்.

குழாயில் பேசியவர் அவர்தான் என்பது எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமானது. பகலில் அவர் பேசுவதே இல்லை. தேவையானதற்கு மட்டும், அதுவும் மூச்சுக்குள்ளேயே. சாயங்காலம் மைக் முன்னால் உட்காரும்போது செலவழிப்பதற்காகக் குரலைச் சேர்த்து வைக்கிறார். இதை அவர் சொல்லவில்லை. முன்னால் குறுக்கே வந்த ஆட்டைக்கூட அதட்டாமல் ஹாரனை அழுத்தியதில் தெரிந்துகொண்டேன்.

"பின்னால இரையுதே, அது கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் அண்ணாச்சி" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது.

அவர் வண்டியை ஓரம் கட்டியே விட்டார். "உனக்கு அது தெரியுமா?"

"அதுதான் என் வேலை."

"மழைக்குள்ள நின்னு பேசுத மாதிரி இருக்கு வேன்னு ஜவுளிக்கடைக்காரரு ஏசுதாரு. நான் என்னெல்லாமோ செஞ்சு பாத்துட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, "திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில சேரணும். தொண்டையில கட்டி. குரலோட சேத்துத்தான் எடுப்பாங்களாம். அதுக்குள்ள எல்லாத்தையும் பேசி வச்சிரணும்" என்றார். அடுத்த ஊரில் பஸ் நிற்காது என்று சொல்கிற தொனி. அன்று வெள்ளிக்கிழமை.

எல்லாவற்றையும் என்றால் என்ன என்று வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது. மேலப்பாளையத்துக்குப் போகிற வழியில் குறிச்சியில் வீடு. முன்னறை, அதையடுத்து ஒரு சின்ன அறை, பின்னால் அடுப்படி. முன்னறையில் அவருடைய மனைவி மடியில் சுளவு என்கிற முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சோற்றுப் பானையை இழுத்தார். மதினி என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் சோறு போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிட?

சின்ன அறைதான் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். சுவர்களை ஒட்டிப் பத்தமடைப் பாய்களை நிறுத்தியிருந்தார், எதிரொலி வராமலிருக்க. மேசையில் மைக். மேசைக்கு அடியில் இரண்டு போர்வையும் ஒரு பழைய சேலையும் சுற்றிய மூட்டை ஒன்று, காய்ச்சல்காரனுக்குப் போர்த்தி விட்டதுபோல. அதுதான் கம்ப்யூட்டர்.

"சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு போத்துனேன்" என்றார்.

"போத்தப் போத்தச் சத்தம் கூடிருக்குமே?"

"கூடிச்சு. அதான் ரெண்டாவது போர்வை."

தொட்டுப் பார்த்தேன். தகரம் சுட்டது. சூடு ஏற ஏற உள்ளே ஃபேன் வேகம் பிடிக்கும், வேகம் பிடிக்கப் பிடிக்க இரையும், இரைகிறதே என்று இவர் இன்னொரு போர்வை போடுவார். கடைசியில் பெட்டி தாங்காமல் பேச்சுக்கு நடுவில் அணைந்துவிடும். இரண்டு தடவை ஃபேன் மாற்றியும் ஆகிவிட்டது.

"எனக்குத் தலைக்கு மேல ஒரு ஃபேன் மாட்டித் தந்ததில்ல" என்றார் மதினி, இலையை வெட்டியபடி. "அந்தச் சவத்துப் பெட்டிக்கு இது மூணாவது."

"நீ சத்தம் போடுதியா? போடு, உனக்கும் மாட்டுதேன்" என்றார் அவர் மூச்சுக்குள். மதினி சிரித்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது, இருமலில் முடிந்தது. மதினி அப்போது அவரைப் பார்க்காமல் சுளவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைத் தள்ளுபடியும் கோயில் கொடைத் திருவிழாவும் வருஷத்துக்குச் சில தடவை. அன்றாடச் சோறு சாவு அறிவிப்பில் வருகிறது. ஆற்றங்கரை ஊர்களில் யாராவது இறந்தால் அவருக்குத்தான் போன் வரும். அறுவைக்குப் பிறகும் போன் வர வேண்டும், தன் குரலே போக வேண்டும் என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சொற்களைத் தனித்தனியாகப் பேசி வைத்துக்கொள்வது. வேண்டும்போது எடுத்து ஒட்டிக்கொள்வது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஊர்கள். காலை, மாலை, மணிகள். தகப்பனார், தாயார், மாமனார், மூத்த சகோதரர். பிறகு சாவு. அதற்கு ஒரு சொல் போதாது. ஒரு வீட்டில் சிவபதவி அடைந்தார், இன்னொரு வீட்டில் ஆசாரியன் திருவடி அடைந்தார், மேலப்பாளையத்தில் வஃபாத்தானார்கள், பாளையங்கோட்டையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், எங்களைப் போன்றவர்கள் காலமானார்கள். மாற்றிச் சொல்லிவிட்டால் சாவு வீட்டில் அடிதடி நடக்கும். பாதிக்கு மேல் பேசி முடித்திருந்தார். ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் தன் இரைச்சலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. தனிச் சொல்லில் அது தெரியாது. வரிசையாகச் சேர்த்தால் யாரோ துருத்தி ஊதுவதுபோலக் கேட்டது.

"முழுசும் திருப்பிப் பேசணும்" என்றார். "அவ்வளவுக்குக் குரல் இருக்கான்னு தெரியல."

பெட்டியைத் திறந்தேன். மதினியின் பீடித்தூள் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. பிராசசருக்கு மேல் இருக்கிற அலுமினியத் தகடுகளின் இடையில் புகையிலைத் தூள் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தது. பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். தும்மல் நிற்கவில்லை. பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதியதை வைத்ததும் அந்தச் சின்ன ஃபேன் அடங்கிவிட்டது. மிச்சம், பெட்டியின் பின்பக்கத்து ஃபேன். கைப்பிடி அளவுதான், ஆனால் ஆட்டோ மாதிரி கத்தியது. அதை மாற்ற வேண்டும்.

அவர் தூங்கப் போனார். குரலுக்குத் தூக்கம் நல்லதாம். நான் மதினியின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனேன்.

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை. ஃபேன் என்றதும் கடைக்காரர் கலர் கலராக விளக்கு எரிகிற ஒன்றை எடுத்து வைத்தார்.

"விளக்கு வேண்டாம் அண்ணாச்சி. சத்தம் வரக் கூடாது."

"இதுல சத்தமே வராது வே." அடாப்டரில் செருகிக் காட்டினார். சத்தம் வரவில்லைதான். வாசலில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, எதிரே டீக்கடையில் பாட்டு. அந்த இடத்தில் மாவு மில்லை ஓட்டிக் காட்டினாலும் சத்தம் வராது.

முந்தைய இரண்டு ஃபேன்களையும் அண்ணாச்சி இப்படித்தான் வாங்கியிருப்பார் என்று தோன்றியது. நான் ஃபேனின் சட்டத்தைக் காதுக்குப் பின்னாலிருக்கிற எலும்பில் ஒட்டி வைத்தேன். வெளிச்சத்தம் எவ்வளவு இருந்தாலும் உள்ளே அதிர்ந்தால் எலும்பு சொல்லிவிடும். கல்லூரியில் நானே கண்டுகொண்ட வழி. விளக்கு ஃபேன் பல்லைக் கூசச் செய்தது. அடுத்ததைக் கேட்டேன். நேராகப் பிடித்தபோது சும்மா இருந்தது, கவிழ்த்துப் பிடித்ததும் டிக் டிக் என்றது. இன்னொன்றை விரலால் சுண்டிவிட்டேன், பைய நிற்காமல் தடக்கென்று நின்றது. உள்ளே எங்கோ இழுக்கிறது.

"என்ன வே, பொண்ணு பாக்க மாதிரில்லா பாக்கீரு" என்றார் கடைக்காரர்.

"ரொம்பப் பேசாத பொண்ணா வேணும்."

"அப்படி ஒண்ணு கெடச்சா எனக்கும் சொல்லும்" என்று உள்ளே போய், கழற்றிப் போட்ட சர்வர் பெட்டி ஒன்றின் அடியிலிருந்து ஒரு பெரிய கறுப்பு ஃபேனைக் கொண்டுவந்தார். சின்னதைப் போல ஒன்றரை மடங்கு அகலம். அகலமான ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் அதே காற்றைத் தள்ளும். இரைவது வேகம்தான், காற்று இல்லை. எலும்பில் வைத்தேன். பூனையின் வயிற்றில் கை வைத்ததுபோல் இருந்தது. சுண்டினேன். நிற்க மறந்துபோன ஆள் மாதிரி சுற்றிச் சுற்றி, பிறகு நின்றது.

பழைய ஃபேனைக் கழற்றிய பின்பக்கத் துளையில் அது நுழையாது. பக்கத் தகட்டில் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டம் இருந்தது, அங்கே மாட்டினேன், உள்ளே காற்றை இழுக்கும்படி. ஸ்குரு முடுக்கினால் அதிர்வு தகரத்துக்குப் போகும். ஆகவே பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாலு மூலைக்கும் ரப்பர் வைத்துக் கட்டினேன். இன்னும் மெதுவாகச் சுற்றட்டும் என்று பன்னிரண்டு வோல்ட் கம்பிக்குப் பதிலாக ஐந்து வோல்ட் கம்பியில் இணைத்தேன். சில ஃபேன்கள் அதில் எழும்பாது. இது கொஞ்சம் யோசித்துவிட்டு எழும்பியது. பீடித்தூள் போகாமலிருக்க மதினி தன் பழைய தாவணியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார், ஓட்டைகளின் மேல் ஒட்டினேன். போர்வைகள் வெயிலுக்குப் போயின. அரைமணி நேரம் ஓடவிட்டுத் தகரத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். காதை வைத்தால்தான் ஓடுகிறது என்றே தெரிந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கேயும் ஒரு வேலையை முடித்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞாபகம் இல்லை.

அவர் எழுந்து, வெந்நீர் குடித்து, வந்தார். கதவும் ஜன்னலும் மூடியாயிற்று. வீட்டிலேயே அந்த அறையில் மட்டும் மேலே சுற்றுகிற ஃபேனையும் அணைத்தார். அந்த அறையில் அப்போது ஆளும் பெட்டியும் ஒன்றுபோல் வியர்க்க வேண்டும்.

"உன் குரல்ல மொதல்ல பாப்போம். என் குரல வீணாக்க வேண்டாம்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் மைக் முன்னால் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களைப் படித்தேன். அவர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். என் குரல் மட்டும், தனியாக, துடைத்து வைத்ததுபோல். பின்னால் ஒன்றுமே இல்லை.

"மழ நின்னுட்டுலே" என்றார். என் முதுகில் ஓங்கி ஒரு அடி. அன்று முழுவதும் மைக் இல்லாமல் அவர் உரக்கச் சொன்னது அது ஒன்றுதான்.

பிறகு அவர் உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்து வைத்தார். பேசத் தொடங்கியதும் ஆளே மாறிப்போனார், முதுகு நிமிர்ந்தது. கல்லிடைக்குறிச்சி. வீரவநல்லூர். சேரன்மகாதேவி. அந்த ஊர்களுக்கு நான் போயிருக்கிறேன், அவ்வளவு பெரிய ஊர்கள் இல்லை அவை. நான்கைந்து சொற்களை ஒட்டி ஓடவிட்டேன்.

இரைச்சல் இருந்தது.

"ஃபேன் ஓடுதா?" என்றார்.

"ஓடுது. ஆனா என் குரலுக்கு வரலையே."

வயரை மாற்றினேன். மைக்கை இடம் மாற்றினேன். பெட்டியை முன்னறைக்கு இழுத்துப்போய் கதவிடுக்கு வழியாக வயரை விட்டுப் பார்த்தேன். மறுபடி பேசச் சொன்னேன். இரைச்சல். இருவரும் தரையில் படுத்து மேசைக்கு அடியில், பாய்களுக்குப் பின்னால், பிளக்கில், எங்கெங்கோ காதை வைத்துத் தேடினோம். கடைசியில் புது ஃபேனின் வயரையே பிடுங்கிவிட்டேன். பெட்டி கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குள் பேசுங்கள் என்றேன். பேசினார். போட்டுக் கேட்டேன். குரலோடு வந்து, சொல் முடியும் இடத்தில் ஒரு இழுப்பு இழுத்து நின்றது.

எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஹெட்போன் என் காதில்தான் இருந்தது. பிடுங்கிய ஃபேன் வயரைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"அதத் திருப்பி மாட்டிரு தம்பி" என்றார் மதினி. கதவருகில் சுளவோடு நின்றுகொண்டிருந்தார். "ஃபேன் பாவம். அது இவுக மூச்சு."

அறையில் யாரும் பேசவில்லை. பேசாததால் அது கேட்டது. ஹெட்போன் வேண்டியிருக்கவில்லை. எந்த ஃபேனும் ஓடாத அறையில் அவர் மூச்சு தொண்டையைத் தாண்டி உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் உரசியது. அவரும் கேட்டார். ஒருமுறை மூச்சை அடக்கிப் பார்த்தார். சத்தம் நின்றது. விட்டார், வந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"பக்கத்துல படுக்கவளுக்குத் தெரியாதா? ரொம்ப நாளாக் கேக்கேன்."

"ஏம்ட்டி சொல்லல?"

"ஃபேனக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தா நீங்க பேசிக்கிட்டு இருப்பீங்க. மூச்சுதான்னு தெரிஞ்சா வாயத் தெறப்பீங்களா?"

அவர் எழுந்து வெளியே போனார். லோடு ஆட்டோ உறுமுகிற சத்தம் கேட்டது. போகவில்லை. கிளப்பி வைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மதினி அங்கேயே நின்றபடி சுளவில் கிடந்த இலையைச் சின்னச் சின்னதாகக் கிழித்தார். நான் ஃபேனின் வயரை மறுபடி செருகினேன். கிளம்பிவிடலாமா என்று யோசித்தேன். பை கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எத்தனையோ வீடுகளிலிருந்து இதைவிடக் குறைந்த காரணத்துக்குப் போயிருக்கிறேன். செருப்பு மதினியுடையது என்பது ஞாபகம் வந்தது. வாசலில் கிடந்த அதை ஓரமாக வைக்கக் குனிந்தபோது வண்டி அணைந்தது.

உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கொழாயில அந்த மூச்சு கேக்கும்லா?"

"கேக்கும் அண்ணாச்சி."

"கேக்கட்டும். ஆளு உசுரோட இருந்து சொன்னதுன்னு தெரியட்டும்." மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "அமுக்குலே."

விளக்கு வைத்த பிறகும் கொஞ்ச நேரம் பேசினார். தாயார். மாமனார். மாலை நான்கு மணியளவில். தாமிரபரணி நதிக்கரையில். சொல்லுக்குச் சொல் குரல் கீழே இறங்கியது. ஒரு சொல்லை மூன்று தடவை தொடங்கி விட்டுவிட்டார், எந்தச் சொல் என்று எழுத எனக்கு மனமில்லை. கடைசியில் காற்று மட்டும் வந்தது. நான் பதிவை நிறுத்தினேன். மதினி வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் தோளில் கை வைத்தபடி நின்றார். அன்று முன்னறையில் படுத்தேன். பெட்டி ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று இரண்டு முறை எழுந்து தொட்டுப் பார்த்தேன். உள்ளே அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் போன் வந்தது. மேலச்செவலில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தவறிவிட்டார், சைவக் குடும்பம், மாலையில் எடுக்கிறார்கள். பேசியது மதினி. அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக இழுத்து ஒட்டினார். மேலச்செவல் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்தது. சிவபதவி அடைந்தார் இருந்தது. பெயர் இல்லை. எத்தனை பேர் பெயரைத்தான் முன்கூட்டியே பேசி வைக்க முடியும்? நாள்பட்ட நீளமான பெயர், இப்போது யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. வாயைத் திறந்தார். நேற்று செலவானது திரும்பி வரவில்லை. மறுபடி முயற்சி செய்தார். பிறகு எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

நான் மைக் முன்னால் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மேசையில் கிடந்த பீடிக்கட்டின் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: கூப்பிடாதே. அவர் வரப்போவதில்லை. சொல்.

மதினி படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் மறுபடி சொன்னேன். மறுபடி. வெயில் வாசலுக்கு வந்த பிறகுதான் சரியென்று தலையை அசைத்தார். ஒட்டி ஓடவிட்டோம். அவர் குரல், அதன் மூச்சோடு. நடுவில் என் குரலில் மூச்சில்லாத ஒரு பெயர். பிறகு அவர். இரண்டு ஆட்கள் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். அவர் அதைத் திரும்பவும் ஒருமுறை கேட்டுவிட்டு, பென்டிரைவில் ஏற்றினார். வண்டிச் சாவியையும் அதையும் சேர்த்து என் கையில் வைத்தார்.

"ஓட்டுவியா தம்பி?" என்று அவருக்காக மதினி கேட்டார்.

"ஓட்டுவேன்" என்றேன்.

முன்னீர்பள்ளம் வரை குழாயைத் திறக்க வேண்டாம், இங்கே பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அதே காகிதத்தில் எழுதிக் காட்டினார். முன்னீர்பள்ளம் வந்ததும் திறந்தேன்.